மலை நூலகத்தில் அரசு வெளியீடுகள்: எதை வைப்பது, எதை விடுவது, எப்படி விடுவது

நீலகிரியிலும் பழனி மலையிலும் அநேகமாக எல்லா நூலகத்திலும் அரசு வெளியீடுகளுக்கென்று ஓர் அலமாரி உண்டு. கிளை நூலகம், கல்லூரி நூலகம், ஆராய்ச்சி நிலையத்தின் சின்னப் படிப்பறை, எஸ்டேட் கிளப், எதுவானாலும் சரி. கீழ்த்தட்டில் கயிறு கட்டிய அரசிதழ்கள், நடுவில் கொள்கை விளக்கக் குறிப்புகள், மேலே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகள். யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் தும்மல்தான். இடம் போதவில்லை என்ற பேச்சு கிளம்பியதும் எல்லார் கண்ணும் அந்த அலமாரிமேல் போகும்.

இடம் வேண்டும் என்பது நியாயம்தான். வந்த காகிதத்தையெல்லாம் வைத்துக்கொண்டிருந்தால் எந்த நூலகமும் கிடங்காகிவிடும். ஆனால் நாவல்களையும் போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் கழிக்கிற கணக்கு இங்கே செல்லாது. எத்தனை பேர் எடுத்தார்கள், எவ்வளவு பழசு என்பதை மட்டும் பார்த்தால் தப்பான கட்டுதான் வண்டியேறும். முப்பது வருடம் யாரும் தொடாத நிலவரித் திட்ட அறிக்கை ஒருநாள் ஒரு கிராமத்துக்கே தேவைப்படலாம். போன வருடம் பளபளவென்று வந்த துறை ஆண்டறிக்கையோ சென்னையில் இருக்கும், டெல்லியில் இருக்கும், இணையத்திலும் இருக்கும். அதனால் ஒவ்வொரு தொகுதியையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் நம் மலை இருக்கிறதா? இது வேறு எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகே கழிவு.

முதலில் கோப்புகளைப் பிரியுங்கள்

அரசு வெளியீடு என்பது பிறர் படிப்பதற்காக அச்சிட்டு அனுப்பியது. கோப்பு என்பது ஓர் அலுவலகம் தன் வேலையை நடத்திய பதிவு. இரண்டும் ஒரே அலமாரியில் கலந்து கிடப்பது மலையில் சகஜம். அலுவலகம் கட்டடம் மாறும்போது ‘கொஞ்ச நாளைக்கு’ என்று நூலகத்தில் இறக்கிவைத்த கட்டுகள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

கண்டுபிடிப்பது சுலபம். ந.க. எண் (நடப்புக் கணக்கு எண்) இருக்கிறதா, பக்கவாட்டில் மையால் எழுதிய குறிப்புகள், சுருக்கொப்பம், துளையிட்டுக் கோத்த நூல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ‘ப.மு.’, ‘மூ.மு.’ என்ற குறி இருந்தால் சந்தேகமே வேண்டாம். முடிந்தபின் பத்தாண்டு, மூன்றாண்டு வைக்க வேண்டிய அலுவலகக் கோப்பு அது. காலம் கடந்திருந்தாலும் அழிக்கும் முடிவு அந்த அலுவலகத்துடையது, நூலகருடையது அல்ல. பட்டியல் போட்டு, கடிதம் வைத்து, ஒப்புதல் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மத்திய அரசு நிறுவனங்களின் நூலகமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி, 1892க்கு முன் உருவான ஆவணம் எதையும், இனி பயன்படவே முடியாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று ஆவணக் காப்பகத் தலைமை கருதினாலொழிய அழிக்கக் கூடாது. விதியை மீறி ஆவணத்தை அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘பழைய பேப்பர்தானே சார்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

யாரிடம் அனுமதி

பொது நூலகத்தில் கிளை நூலகர் தன் விருப்பத்துக்குக் கழிவு செய்ய முடியாது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் மாவட்டத்துக்கு மாவட்டம் நூலக ஆணைக்குழுவை ஏற்படுத்தி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகும்படி செய்தது. ஊர் மக்கள் காசில் வந்த பொருள். ஆகவே மாவட்ட நூலக அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும். பின்னால் உள்ளாட்சி நிதித் தணிக்கை வந்து பதிவேட்டைப் புரட்டும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் இருக்க வேண்டும்.

கல்லூரியில் முதல்வரும் நூலகக் குழுவும். கிளப்பில் நிர்வாகக் குழு. மத்திய நிறுவனங்களுக்குப் பொது நிதி விதிகள் 2017, விதி 215 இருக்கிறது. 20,000 தொகுதி வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒரு தடவையாவது. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. அரிய நூல் காணாமல் போனால் விலை எவ்வளவானாலும் விசாரித்தே ஆக வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பழைய அரசு வெளியீடுகளில் பாதி அந்த வகையில் சேரும் என்பதை மனத்தில் வையுங்கள். அட்டையில் விலை ‘ஆறணா’ என்று போட்டிருக்கும்; அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

குழு அமைக்கும்போது என் சிபாரிசு ஒன்று: பேராசிரியர் ஒருவர் இருக்கிறாரோ இல்லையோ, ஓய்வுபெற்ற நில அளவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ கட்டாயம் சேருங்கள். எந்தக் காகிதத்தைத் தேடி மக்கள் அலைகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எப்போது தொடங்குவது

பிப்ரவரியும் மார்ச்சும்தான் சரியான காலம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் பிடிக்கிற தென்மேற்கு மழை லேசில் விடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு ஐப்பசி கார்த்திகைதான் அடைமழை. ஈரக்காற்றில் பழைய கட்டை அவிழ்த்தால் நல்ல தாளும் கெட்டுப்போகும். ஏப்ரல், மே சீசனில் சாலையும் நூலகமும் சேர்ந்து நெரியும். ஆள் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது.

அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். எக்செல்லிலும் செய்யலாம், ஆனால் அலமாரி முன்னால் நின்றுகொண்டு எழுத நோட்டுதான் வசதி. தலைப்பு, வெளியிட்ட துறை, அச்சான ஆண்டு, தொகுதி எண், வரவுப் பதிவேட்டு எண், தாளின் நிலை, மலை தொடர்பான பக்கங்கள், வேறு எங்கே உள்ளது, முடிவு. வரவுப் பதிவேட்டில் ஏறாமலே இருப்பவை நிறைய வரும். இலவசமாகத் தபாலில் வந்ததைப் பலரும் பதிவு செய்வதில்லை. பதிவில் இல்லை என்பதால் கணக்கு கேட்க ஆளில்லை என்று தூக்கிப் போட வேண்டாம். தனித் தாளில் குறித்து, அதையும் குழுவின் முன் வையுங்கள்.

நம் மலை எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. அட்டையில் ‘நீலகிரி’ என்றோ ‘கொடைக்கானல்’ என்றோ இருந்தால் யாரும் கழிக்க மாட்டார்கள். அட்டையில் வேறு ஊர்ப் பெயர் இருந்து, உள்ளே நம் மலை இருப்பவைதான் தவறிப்போகும்.

நீலகிரி 1868இல்தான் ஓர் ஆணையரின் கீழ் தனி மாவட்டமானது. அதற்கு முன் கோயம்புத்தூர். அதனால் 1868க்கு முந்திய கோயம்புத்தூர் அறிக்கை எதையும் ‘நமக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒதுக்காதீர்கள். கூடலூர்ப் பகுதியான தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தது. கூடலூர் ஜென்ம நிலச் (மலபார் வழக்கப்படியான பரம்பரை நிலவுடைமை) சிக்கலின் வேரைத் தேடுகிறவர்கள் மலபார் மாவட்ட வெளியீடுகளைத்தான் முதலில் புரட்ட வேண்டியிருக்கும். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிவந்த அரசிதழ் அறிவிப்பு, அரசாணைத் தொகுப்பு எது கிடைத்தாலும் அதன்மேல் ‘நிரந்தரம்’ என்று எழுதிவிடுங்கள். அந்த வழக்குகள் தலைமுறை தாண்டியும் ஓடுகின்றன.

கொடைக்கானல் கதை வேறு. 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை பழனி மலை முழுக்க மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஓர் உதாரணம் பாருங்கள். கொடைக்கானலில் ஒரு நூலகத்தில் ‘மதுரை மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு, 1981’ இருக்கிறது. அட்டை பிய்ந்திருக்கிறது. கழிவுப் பட்டியல் போடுகிறவர் பார்க்கிறார்: வேறு மாவட்டம், நாற்பது வருடப் பழசு, யாரும் எடுத்ததில்லை. மூன்று காரணமும் பொருந்துகிறது, போட்டுவிடலாம் என்று தோன்றும். இப்போது உள்ளே திறந்து வட்டவாரியான பட்டியலுக்குப் போங்கள். கொடைக்கானல் வட்டத்தின் ஒவ்வொரு கிராமமும் அங்கே இருக்கிறது. எத்தனை வீடு, எத்தனை பேர், பள்ளிக்கூடம் உண்டா, குடிநீருக்கு என்ன வழி, பேருந்து எதுவரை வருகிறது என்று வரிசையாக. பழனி மலைக் கிராமங்களுக்கு 1981இன் நிலவரம் வேண்டுமென்றால் அந்தத் தொகுதிதான் கதி. திண்டுக்கல் பெயரில் கையேடு 1991இலிருந்துதான்.

வட்டங்களுக்கும் இதே கதைதான். கோத்தகிரி குன்னூருக்குள் இருந்தது, பந்தலூர் கூடலூருக்குள் இருந்தது, குந்தா உதகைக்குள் இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் இந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துவிட்டால் உங்களுக்கு அடுத்து வருகிற நூலகருக்கும் உதவும்.

துறை அறிக்கைகளில் மலை இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கும். சென்னை மாகாண வனத்துறை ஆண்டறிக்கையில் சோலைகளை அடுத்துள்ள புல்வெளியில் சீகை மரம் நட்ட கணக்கு, சின்கோனா தோட்ட அறிக்கைகள், 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் ஆவணங்கள், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வெளியீடுகள், 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஆண்டறிக்கைகள். 1978 நவம்பர் நிலச்சரிவுகளுக்குப் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரியில் ஆய்வு செய்தது. அந்தக் காலத்து நிலச்சரிவு அறிக்கை ஏதாவது உங்களிடம் இருந்தால் எந்தச் சரிவு எப்போது இறங்கியது என்பதற்கு அது சாட்சி. 2009 நவம்பரிலும் மலை இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கான மறுவாழ்வு அறிக்கைகள், டான்டீயின் (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆண்டறிக்கைகள், பழைய வாக்காளர் பட்டியல்கள். தாத்தா எந்த வருடம் எந்த எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார் என்று பேரன் வந்து கேட்கும்போது எடுத்துக் காட்ட இவைதான் இருக்கும்.

வகைக்கு ஒரு முடிவு

*அரசிதழ்.* மத்திய அரசிதழ் 2015 அக்டோபர் முதல் அச்சில் வருவதில்லை, மின்னிதழ்தான். பழையவற்றிலும் பெரும்பகுதி வேறெங்காவது கிடைக்கும். மலை தொடர்பான அறிவிப்பு உள்ள இதழை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடலாம். மாநில அரசிதழில் அவசரம் வேண்டாம். காடு, சரணாலயம், நிலம் கையகப்படுத்தல், மலைப்பகுதி மரப் பாதுகாப்பு, யானை வழித்தடம் என்று மலைவாசியின் வாழ்க்கையைத் தொடும் அறிவிப்புகள் அங்கேதான் வரும். முதுமலைப் பக்கத்து யானை வழித்தட அரசாணை 2010இல் வந்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2020இல். பத்தாண்டு முழுக்க அந்தத் தாளுக்குத் தேவை இருந்தது. மாவட்ட அரசிதழ் என்றால் விவாதமே வேண்டாம், ஓர் இதழ்கூட வெளியே போகக் கூடாது. மிகக் குறைவான பிரதிகளே அச்சாகும், அதை வாங்கி வைக்கிறவர்களும் குறைவு.

*மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.* மாவட்டக் கையேடுகள் 1951இலிருந்து வருகின்றன. நம் மாவட்டத்தவை எல்லாம் நிரந்தரம். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 கையேட்டைப் பழசு என்று சொல்லிவிட முடியாது. பிற மாவட்டத்தவை, அகில இந்திய அட்டவணைகள் போகலாம். 1961 கணக்கெடுப்பையொட்டி வந்த தனிக் கிராம ஆய்வு நூல்கள் எந்த ஊரைப் பற்றியதானாலும் கழிப்பதற்கு முன் பெரிய நூலகங்களைக் கேட்டுவிடுங்கள்.

*கொள்கை விளக்கக் குறிப்பு, வரவு செலவுத் திட்டம், துறை ஆண்டறிக்கை.* இடத்தை அதிகம் அடைப்பது இவைதான். கழிவில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வர வேண்டும். கடைசி ஐந்து ஆண்டு போதும். தோட்டக்கலை, வனம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலம், சுற்றுலா ஆகிய துறைகளில் மட்டும் பழையவற்றைப் புரட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

*மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்ட அறிக்கைகள், முழுமைத் திட்டங்கள் (மாஸ்டர் பிளான்).* நிரந்தரம். வரைவு, திருத்திய வரைவு, இறுதி என்று மூன்றும் இருந்தால் மூன்றையுமே வையுங்கள். வரைபடத்தில் எந்த இடம் எப்போது பச்சையிலிருந்து மஞ்சளானது, அதாவது விவசாய நிலம் குடியிருப்பானது என்பது வரைவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

*வரைபடங்கள்.* நில அளவைத் துறையின் 58 ஏ, 58 எஃப் வரிசைத் தாள்கள் நம் மலைகளுடையவை. ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால் யாருக்கும் தானமாகக் கொடுக்கவோ எடைக்குப் போடவோ கூடாது. வெளியிட்ட துறைக்கு எழுதுங்கள்.

*இரட்டைப் பிரதிகள்.* உடனே போகலாம். எது நல்ல பிரதி என்று பார்க்கும்போது அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கம் முழுசாக இருக்கிறதா, வரைபடம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை போனது, படம் உள்ளது என்றால் அதுதான் நல்ல பிரதி.

‘நெட்டில் இருக்கிறது’ என்று சொல்வதற்கு முன்

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனையோ நல்ல தொகுதிகள் போயிருக்கின்றன. இருக்கலாம், ஆனால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினி முன் உட்கார்ந்து, உங்கள் பிரதியைப் பக்கத்தில் விரித்துவைத்து ஒப்பிடுங்கள்.

முதலில் அதே ஆண்டா, அதே தொகுதியா. அடுத்து பக்க எண்கள்: முதல் பத்து, நடுவில் பத்து, கடைசிப் பத்து. அப்புறம் மடிப்புப் படங்கள். பழைய அறிக்கைகளில் பெரிய வரைபடத்தை மடித்துப் பின்னட்டைப் பையிலோ பக்கங்களுக்கு நடுவிலோ வைத்திருப்பார்கள். வேகமாக ஸ்கேன் செய்கிறவர்கள் அதை விரிப்பதில்லை. திரையில் மடிந்த தாளின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரியும். உள்ளே சர்வே எல்லையும் ஓடையும் காட்டுப் பிரிவும் அடங்கிய முழுப்படம் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கும். அட்டவணைகளையும் பாருங்கள். அகலமான அட்டவணை இரண்டு பக்கத்துக்கு ஓடும்போது நடுத் தையலுக்குள் ஒரு பத்தி எண்கள் மறைந்துபோயிருக்கும். கறுப்பு வெள்ளை ஸ்கேனில் வண்ண வரைபடம் வெறும் சாம்பல்.

தேடும்போது பழைய எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். ஆங்கில அறிக்கைகளில் நீலகிரி ‘நெய்ல்கெர்ரி’, உதகை ‘ஊட்டகமண்ட்’, பழனி மலை ‘புல்னி ஹில்ஸ்’. இன்றைய எழுத்தில் தேடிவிட்டு இல்லை என்று எழுதினாலும் தப்பு, ஒன்று கிடைத்ததும் அதுதான் இது என்று எழுதினாலும் தப்பு.

எங்கே தேடுவது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மத்திய அரசின் மின்னரசிதழ்த் தளம், மாநில எழுதுபொருள் அச்சுத் துறையின் தளம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ். 1880இல் கிரிக் எழுதிய நீலகிரி மாவட்டக் கையேடும் 1908இல் பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச் சுவடியும் இணையத்தில் கிடைப்பவைதான். அதற்காக உங்கள் அசல் பிரதியை விடச் சொல்ல மாட்டேன். வாசகருக்குத் திரையைக் காட்டி, அசலைப் பூட்டிவைக்கலாம்.

ஒரு துறையின் இணையதளத்தில் மட்டும் இருப்பதை ‘இருக்கிறது’ என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பி.டி.எஃப். முதலில் காணாமல் போகும். இறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்த பிறகே காகிதத்தை விடுங்கள்.

பூஞ்சை பிடித்தவை

மலையில் இந்தச் சிக்கல் இல்லாத நூலகமே இல்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கிளம்பிவிடும். ஈரப்பதமானி வாங்க அதிகச் செலவில்லை. இரண்டு வாங்கி, ஒன்றை வெளிச்சுவர் பக்கத்து அலமாரியில் வையுங்கள்.

பூஞ்சைக் கட்டைக் கண்டதும் அங்கேயே தட்டாதீர்கள், அறை முழுக்கப் பரவும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்துத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். காற்றோட்டத்தில் நிழலில் உலரட்டும், மின்விசிறி போதும். உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிநோக்கித் துடைக்கலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். ஹீட்டர் பக்கத்திலோ நேர் வெயிலிலோ வைத்தால் தாள் சுருண்டு பொடியும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வந்த அறிக்கை நனைந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே பலகையாகிவிடும். அதைப் பிரிக்க மெனக்கெடாமல் வேறு பிரதி தேடுங்கள். நீலகிரித் தைலத்தில் பஞ்சை நனைத்து அலமாரியில் வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வாசனை நன்றாகத்தான் இருக்கும். தாளில் எண்ணெய்க் கறை படிவதுதான் மிச்சம். இராமபாணப் பூச்சிக்கு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைப்பதும் அடிக்கடி துடைப்பதும் மேல்.

பூஞ்சை பிடித்தது என்பதற்காக மட்டும் ஒரு மலை ஆவணத்தைக் கழிக்கக் கூடாது. வேறெங்கும் இல்லாதது என்றால் உலர்த்தி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அமிலமில்லாத தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் உள்ளே ஈரம் கட்டும். போதாததற்கு நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடையும் இருக்கிறது.

வேண்டாததை யாருக்குக் காட்டுவது

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வெளியீடுகளை இலவசமாகப் பெறும் நூலகங்கள், அவற்றைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிறகு வேண்டாமென்றால் அந்த வட்டாரத்துத் தலைமை நூலகத்துக்குக் காட்டி, அது சம்மதித்தபின் கழிக்கலாம். 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய முறை அது. நம் பக்கம் 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி சென்னை கன்னிமாரா உட்பட 4 நூலகங்களுக்கு வெளியீடுகள் போக வேண்டும். அலுவலக உபயோகத்துக்கு மட்டுமானவை தவிர்த்து அரசு வெளியீடுகளுக்கும் அது பொருந்தும். போக வேண்டும் என்பது சட்டம். போய்ச் சேர்ந்து அலமாரியில் நிற்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே நாமே ஒரு பட்டியல் சுற்றுக்கு விடுவோம். உங்கள் மாவட்ட மைய நூலகம், கன்னிமாரா, எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், உதகை அரசு கலைக் கல்லூரி, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவை பொது. பொருளைப் பொறுத்து முத்தோரைப் பாலாடா பழங்குடியினர் ஆய்வு மையம், உதகை மண் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், தேயிலை காப்பி என்றால் குன்னூரில் உள்ள தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி. பழைய மாவட்டப் பெயர் உள்ளவற்றுக்குக் கோயம்புத்தூர், மதுரை, கோழிக்கோடு நூலகங்களையும் கேளுங்கள். பட்டியலில் தலைப்பு, ஆண்டு, நிலை மூன்றும் இருக்கட்டும். பதிலுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘தேவை, அனுப்பவும்’ என்று பதில் வரும், கட்டு உங்கள் வராந்தாவிலேயே கிடக்கும்.

கழிக்கும் நாள்

யாரும் கேட்காதவை மட்டும் இப்போது மீதி. குழுவின் தீர்மானம், மேலிட ஆணை எண், தேதி மூன்றும் வந்ததும் வரவுப் பதிவேட்டில் அந்தந்த எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் ஆணை எண்ணைக் குறித்துச் சுருக்கொப்பம் இடுங்கள். கழிவுப் பதிவேட்டில் தனி வரி. நூற்பட்டியலிலிருந்தும் நீக்குங்கள், பலர் இதை விட்டுவிடுவதால்தான் வாசகர் இல்லாத புத்தகத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறார்.

நூலக முத்திரை இருக்கும் இடமெல்லாம் ‘நீக்கப்பட்டது’ முத்திரை விழ வேண்டும். விழாமல் போனால் டீக்கடை வடைத் தாளில் உங்கள் நூலகப் பெயரைப் பார்த்துவிட்டு யாராவது புகார் எழுதுவார்கள். பதில் சொல்லி மாளாது. பயனாளிகள் பட்டியல், படம் போட்ட வாக்காளர் பட்டியல், ஆதார் எண் உள்ள எதுவும் முழுசாக எடைக்குப் போகக் கூடாது, கிழித்துத் துண்டாக்கித்தான் போக வேண்டும்.

பழைய பேப்பர் கடைகளிடம் விலைப்புள்ளி வாங்கி, அதிக விலைக்குக் கொடுத்து, எடைச்சீட்டும் ரசீதும் வாங்கி, பணத்தை உரிய கணக்கில் செலுத்துங்கள். வண்டியில் ஏற்றும்போது குழுவில் ஒருவர் பட்டியலோடு பக்கத்திலேயே நிற்கட்டும். ஏற்றுகிற அவசரத்தில் பக்கத்து அலமாரிக் கட்டும் சேர்ந்து போவது வழக்கம். வண்டி மேட்டுப்பாளையமோ வத்தலக்குண்டோ இறங்கிவிட்டால் அப்புறம் தேடிப் பயனில்லை.

காலியான தட்டில்

வைத்துக்கொண்டவற்றைத் துறைவாரியாக அடுக்காமல் ‘நம் மலை’ என்று ஒரே பகுதியாக ஒன்றுசேருங்கள். வாசகர் கேட்பது இடத்தை வைத்துத்தான். ஒவ்வொன்றுக்கும் நூற்பட்டியலில் மலைப் பக்கங்களின் எண்களைச் சேர்த்துவிடுங்கள். இனி தபாலில் வருகிற வெளியீட்டை அன்றைக்கே பார்த்து, அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ‘நிரந்தரம்’ என்றோ ‘5 ஆண்டு’ என்றோ எழுதிவைத்தால் அடுத்த கழிவு பாதி வேலைதான். இணையத்தில் மட்டும் வருகிற மலை அறிவிப்புகளை மாதம் ஒரு தடவை இறக்கி, துறை, தேதி, ஊர் தெரிகிற மாதிரி கோப்புக்குப் பெயர் வைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். ஒன்று நூலகத்தில், இன்னொன்று வேறு கட்டடத்தில்.

கழிவுப் பட்டியலின் ஒரு பிரதி பீரோவுக்குள் போக வேண்டாம், கவுண்டரிலேயே இருக்கட்டும். எந்தத் தொகுதி எந்த நூலகத்துக்குப் போனது, எதன் மின்பிரதி எந்தத் தளத்தில் உள்ளது என்று அதில் இருந்தால், ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து ‘இங்கே ஒரு கெஜட் கட்டு இருந்ததே’ என்று கேட்கும்போது எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்லி அனுப்பலாம்.